பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

ஜூன் 16, திங்கள்

இந்த டைரி வடிவு கொடுத்தது. அவள் வேலை பார்த்த மருந்துக்கடைக்கு ஏதோ கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்ததாம். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஆரோக்கியக் குறிப்பு அச்சடித்திருக்கிறான். இன்றைய குறிப்பு: "முதுகைக் கவனியுங்கள்." காலையிலேயே படித்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

வீட்டைப் பார்க்க புரோக்கர் மாடசாமி வந்தான். விற்கிறவன் என்றால் ஒரு தோரணை வேண்டாமா? படுக்கையறைச் சுவரில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு, "சுவரெல்லாம் கல்லு மாதிரி, தட்டிப் பாரும்" என்றேன். அந்த அறையில் டியூப்லைட் எரியவில்லை. அவனும் தட்டிப் பார்க்கவில்லை. பிறகு அவனோடு டீக்கடைக்குப் போனேன். அங்கிருந்து கோயிலுக்கு. அங்கிருந்து காய்கறிக் கடைக்கு. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். வெளியூர்க்காரனை இலஞ்சியில் இப்படி மதிக்கிறார்களே என்று நானும் திரும்பித் திரும்பிச் சிரித்துவைத்தேன். வெண்டைக்காய் பொறுக்கும்போது ஒரு சின்னப்பிள்ளை சொன்னது: "எம்மா, அந்தத் தாத்தா சட்டையில காடு வரைஞ்சிருக்கு."

வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால், வெள்ளைச் சட்டையில் கழுத்திலிருந்து இடுப்பு வரை பச்சையும் கறுப்புமாகப் பூசணம். சுவர் என் முதுகில் தன்னை அப்படியே அச்செடுத்துக் கொடுத்திருந்தது. வடிவு பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பங்குனிக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். சட்டை போனால் போகிறது.

ஜூன் 17, செவ்வாய்

டைரி எழுதினால் யார், எவர் என்று எழுதிவைக்க வேண்டுமாம். வடிவு சொல்கிறாள். சரி.

ஆவுடையப்பன். சங்கரன்கோவிலில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர். படிப்பு பத்தாவது, அதையும் ஆசை தீர இரண்டு முறை படித்தேன். வடிவு எங்களுக்கு ஒரே பிள்ளை, பார்மசி படித்தவள். கட்டிக்கொடுத்தது இந்த இலஞ்சியில். பங்குனியில் அது கோர்ட்டில் முடிந்தது. வீடு அவள் பங்குக்கு வந்தது.

இந்த வீட்டை விற்றால்தான் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையை அவள் எடுத்து நடத்த முடியும். கடைக்காரருக்கு வயசாகிவிட்டது. "ஆவணி முடியுற வரைக்கும் ஒனக்காக வச்சிருக்கேன் பாப்பா, அதுக்கு மேல முடியாது" என்று சொல்லியிருக்கிறார். அவள் கையில் வேறு எதுவும் இல்லை. ஆகவே ஆவணிக்குள் வீடு கைமாற வேண்டும்.

"ஆள் எதுக்கு? நானே ரெண்டு வாரத்துல புதுசாக்கிருதேன்" என்று வாய்விட்டேன். என் வீட்டுக்காரி வேலம்மா ஊரிலிருந்து போனில் கேட்டாள், "எப்படி, சுவத்தை மிக்ஸி ஜார்ல போட்டு அரைக்கப் போறியளா?"

ஜூன் 19, வியாழன்

நாள் முழுக்கச் சாரல். சுவருக்கும் எனக்கும் மூக்கு ஒழுகுகிறது.

ஜூன் 21, சனி

பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அந்தப் படுக்கையறைச் சுவரைத் தேய்த்தோம். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பவுடர் என்று பாக்கெட்டில் பார்த்து வடிவு சொன்னாள். கொஞ்சம் தாராளமாகப் போட்டால் சீக்கிரம் போகும் என்று நான் தாராளமாகப் போட்டேன். இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடிப்போய் இருமினோம். பூசணம் என்னவோ போய்விட்டது.

"நல்லாக் காயணும்பா. ஈரத்தோட மேல எதையும் அடிக்கக்கூடாது" என்றாள்.

சாரல் காலத்தில் இந்த ஊரில் என் பனியனே மூன்று நாளாகக் காயவில்லை.

ஜூன் 23, திங்கள்

ஒரு யோசனை வந்தது. இனிமேல் எனக்கு யோசனை வந்தால் யாராவது என்னைக் கட்டிப்போட வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிச் சுவரைத் தேய்த்தேன். இட்லிச் சட்டியைத் திறந்தது போல ஆவி அடித்தது. கை கடுத்துப்போகும்வரை தேய்த்து, ஒரு முறம் அளவு இடம் காய்ந்தது. வடிவு காபியோடு வந்து நின்றாள்.

"சட்டையாப்பா, பேண்டா?"

"சிரிக்காத. மடிப்புக் கலையாம இருக்கணும்லா."

சாயங்காலம் அதே முறம் அளவு இடத்தில் மறுபடி ஓதம் ஏறி ஈரம். இஸ்திரிப் பெட்டியும் செத்துப்போச்சு. அதைப் பிரித்துச் சரி பண்ணினேன். இன்று உருப்படியாக நடந்த வேலை அது ஒன்றுதான்.

ஜூன் 28, சனி

மாடசாமி போன் பண்ணினான். செங்கோட்டை கரண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருத்தர் வீடு தேடுகிறாராம். "ஆடி பொறக்கு முன்ன காட்டிரணும் அண்ணாச்சி. ஆடியில ஒருத்தனும் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்."

உடனே கடைக்குப் போய் ஆயில் பெயிண்ட் வாங்கிவந்தேன். எண்ணெயில் தண்ணீர் ஒட்டாது என்பது பத்தாவதை இரண்டு முறை படித்தவனுக்குத் தெரியாதா?

"ஈரம் உள்ள இருக்குப்பா" என்றாள் வடிவு.

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிரஷை எடுத்து மறு முனையிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். நான் அடித்த பக்கம் ஒழுகி, தரையெல்லாம் சொட்டு. அவள் பக்கம் ஒரு சொட்டு கிடையாது, விளிம்பெல்லாம் நூல் பிடித்த மாதிரி.

"இதெல்லாம் எங்கட்டீ படிச்ச?"

"இங்கனதான்."

கீழ் மூலையில் மட்டும் பெயிண்ட் ஒட்டவே மாட்டேன் என்றது. பீரோவை அங்கே தள்ளிவைத்தேன். அறை கண்ணைப் பறித்தது.

ஜூலை 5, சனி

பார்ட்டி வந்தார்கள். இசக்கிமுத்து, அவர் மனைவி செல்வராணி. எங்கும் சாயாமல் நடு அறையில் கம்பம் போல நின்றேன்.

செல்வராணி கெட்டிக்காரி. ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள். பீரோவைத் தட்டி, "இதைக் கொஞ்சம் நகத்துங்களேன்" என்றாள்.

"அது ஆள் நாலு வேணும்மா" என்றேன்.

பிறகு வடிவிடம் கேட்டாள், "நல்ல வீடாத்தான இருக்கு, ஏம்மா விக்கீங்க?"

"வேற ஊருக்குப் போறேன்க்கா."

"இங்க நல்லாத்தான இருந்தீங்க?"

"ஆமாக்கா, நல்லா இருந்தோம்" என்று வடிவு சிரித்தாள். நாங்கள் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் காட்டுகிற அதே சிரிப்பு. போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, அழகான சிரிப்பு.

அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆடி கழிந்ததும் முன்பணம் தருகிறார்களாம். பரோட்டா வாங்கி வந்து கொண்டாடினேன். வடிவு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

ஜூலை 9, புதன்

இன்றைய குறிப்பு: "தினமும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்." சுவர் கடைப்பிடிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அறையின் சுவர் முழுக்க அப்பளம் பொரிந்தது போலக் கொப்புளம். ஒன்றை விரலால் குத்தினேன். தண்ணீர் முழங்கை வரை ஓடியது. பீரோவை இழுத்தோம். (இரண்டே பேர் போதும்.) பின்னால் பூசணம் மயில்தோகை மாதிரி விரிந்திருந்தது. பீரோவுக்குள் இருந்த வடிவின் சேலைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு.

"இன்னொரு கோட்டு குடுத்துப் பாப்போம்" என்றேன்.

"வேண்டாம்பா. அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருவோம்."

"கிறுக்குப்பிள்ளை, விக்கிறவன் எவனாவது ஓட்டையைக் கூப்பிட்டுக் காட்டுவானா? பத்திரம் முடியுற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தாப் போதும்."

சேலைகளை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"வாயை மூடிட்டு இருந்தது போதும்பா."

சத்தம் போடவில்லை. விலை சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு போனை எடுத்தாள். நான் பின்பக்கம் போய்ப் பப்பாளி மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்கள் நிறைய இருந்தன. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அக்கா, நான் இலஞ்சி வடிவு. அந்த பீரோவுக்குப் பின்னால சுவர் சரியில்லக்கா. ஓதம். தெரிஞ்சுதான் மேல பெயிண்ட் அடிச்சோம்... இல்லக்கா, எங்கப்பா மட்டும் இல்ல, நானும்தான்."

வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று செல்வராணி வைத்துவிட்டாளாம்.

போச்சு. நாலு நாளில் ஆடி. அதற்கப்புறம் இருப்பது ஆவணி ஒன்றுதான்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

இனி ஒரு மாசத்துக்கு வீடு பார்க்க ஆள் வராது. எனவே மறைக்கவும் ஒன்றும் இல்லை. சுவரைப் பூச்சு வரைக்கும் சுரண்டி எடுத்துவிடுவோம் என்று வடிவு சொன்னாள். ஆளுக்கொரு தகடும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

எங்கள் பெயிண்டுக்குக் கீழே ரோஸ் வந்தது. ரோஸுக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே சந்தனக் கலர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கறுப்பு.

"கட்டி எத்தனை வருஷமாச்சு இந்த வீடு? யாரு இத்தனை கோட்டு அடிச்சது?"

"நான்தான்."

"நீயா? எப்ப?"

தகட்டால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "ரோஸ் போன வருஷப் பொங்கலுக்கு. நீங்களும் அம்மாவும் வாறோம்னு போன் பண்ணீங்க. பச்சை அதுக்கு முந்தின தீபாவளி. சந்தனம், அம்மா கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு ரெஸ்ட் எடுக்க வந்தாங்கள்லா, அப்ப."

"மாப்பிள்ளை கூடமாட..."

"அவரு எங்க. பூசண வாடை ஆகாதுன்னு அவரு ஹால்ல படுத்துக்குவாரு. நான் இங்கன."

"எவ்வளவு நாளா?"

கொஞ்சம் யோசித்தாள். "சந்தனக் கலர்லயிருந்து."

ரோஸ் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பொங்கலுக்கு வாசலிலேயே நின்று, "அடேயப்பா, கல்யாண வீடு மாதிரி இருக்கே" என்று சொன்னவன் நான்தான். பச்சைக்கும் ஏதோ சொல்லியிருப்பேன்.

பிறகு சுரண்டினேன். ரொம்ப நேரம். வடிவு வந்து என் கையைப் பிடித்தாள்.

"அப்பா, போதும். செங்கல் வந்துட்டு. இன்னும் போனா பக்கத்து வீடு."

ஜூலை 18, வெள்ளி

தோள்பட்டை வலி. வேலம்மா போனில், "என்ன நடக்கு?" என்று கேட்டாள். "சுரண்டுதோம்" என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். நான் கண்டுபிடிக்கவில்லை, கேட்டது.

வெறும் சுவர் ஆனதும் அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் பட்டவர்த்தனமாகக் கேட்கிறது. அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் சீசனுக்குப் பின்கட்டை வாடகைக்கு விடுகிறாள். அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெயோடு போய்க் குளித்துவிட்டு, எண்ணெய் போகவில்லை என்று வந்து இங்கே மறுபடி குளிக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் சுவரை ஒட்டி ஒரு தொட்டியும் சிமெண்டுத் தளமும் கட்டிவைத்திருக்கிறாள். "மாப்ள, சீயக்காயை எடு" என்று ஒருவன் கத்துகிறான். பொளேர் என்று ஒரு வாளித் தண்ணீர். எங்கள் செங்கல் குடித்துக்கொள்கிறது.

"ஏட்டி, இதான் காரணம். ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"அந்தம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

வடிவு உப்புத்தாளை மடித்தாள், விரித்தாள். "அங்க பேசுறது நமக்கு இவ்வளவு கேக்குதுன்னா, இங்க நடந்தது அவங்களுக்கும் கேட்டிருக்கும்லா. அப்புறம் எந்த முகத்தோட போய்ப் பேச?"

நானே பேசுகிறேன் என்று போனேன். தங்கபுஷ்பம் நாற்காலி போட்டு, சுக்குக் காபி கொடுத்து, "மக நல்லாருக்காளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். தொட்டியைப் பற்றி ஆரம்பிப்பதற்குப் பதிலாக, "உங்க மிக்ஸி ஏன் இப்படிச் சத்தம் போடுது?" என்று கேட்டுவிட்டேன். அதைப் பிரித்துச் சரி பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் வடிவு.

"மிக்ஸியில புஷ் போயிருந்துச்சு, மாத்திட்டேன்" என்றேன்.

ஜூலை 26, சனி

வடிவு போனாள். நான் சொல்லி இல்லை. சேலை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற மாதிரி தானே போனாள்.

நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"வாட்டீ" என்றாள் தங்கபுஷ்பம். "இத்தனை வருஷம் பக்கத்துல இருந்துட்டு இன்னிக்குத்தான் என் வீட்டுப் படி ஏறுத."

வடிவு தொட்டியைப் பற்றிச் சொன்னாள். ஓதம், பூசணம், ஆவணி, கடை, எல்லாம்.

"இது ஒரு பெரிய விஷயமா? தொட்டியை நாளைக்கே அந்தப் பக்கம் மாத்திருவோம். முன்னாலேயே சொல்றதுக்கு என்ன? நான் ஒண்ணு கேக்கேன் வடிவு. அந்தச் சண்டை அன்னைக்கு நான் சுவத்தைத் தட்டுனேன். ஒனக்குக் கேட்டுச்சா?"

ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று மறு காதை வைத்தேன்.

"கேட்டுச்சுக்கா."

"நீ திரும்பத் தட்டுவன்னு விடிய விடிய உக்காந்திருந்தேன்."

"பயமா இருந்துச்சுக்கா. தட்டுனா நீங்க வந்துருவீங்கன்னு."

அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை என்று காதை எடுத்துவிட்டேன்.

பொழுது சாய்ந்துதான் வந்தாள். கண் இமையெல்லாம் வீங்கி, கையில் ஒரு தட்டு முறுக்கு. "தொட்டியை மாத்திருவாங்களாம்பா" என்றாள். அப்புறம் என்னை உற்றுப் பார்த்து, "அது என்ன, ரெண்டு காதுலயும் செங்கப்பொடி?" என்றாள்.

முறுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

தொட்டி மறுபக்கம் போய்விட்டது. பழைய தளத்தை உடைத்து, தண்ணீர் வெளியே ஓட வாட்டமாகச் சிமெண்டு போட்டேன். தங்கபுஷ்பம் மேற்பார்வை. "வாட்டம் இந்தப் பக்கம் இருக்கணும் அண்ணாச்சி, நீங்க மறுபடியும் உங்க வீட்டுக்கே விடுதீங்க." முதல் தடவை போட்டதை உடைத்துவிட்டு இரண்டாவது தடவை போட்டேன். பத்தாவது பரீட்சை மாதிரியே.

வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. காற்று உள்ளே வந்து மறுபக்கம் போகிறது. வெறும் செங்கல் மெல்ல மெல்ல நிறம் மாறுகிறது.

வடிவு தினமும் அடுத்த வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிறாள். பேச்சுச் சத்தம் ஓயவில்லை. நான் காது வைக்கவில்லை. வந்ததும், "என்னம்மா பேசினீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மா."

கீரை அங்கே ஆய்கிறாள், குழம்பு இங்கே வைக்கிறாள். பேச்சையும் அப்படிக் கொஞ்சம் இங்கே கொண்டுவரலாம். சரி, பொம்பளைங்க விஷயம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பாலிதீன் கவர் ஒன்றைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தோம். ஈரம் இருந்தால் உள்ளே வேர்க்குமாம். இது வடிவு செல்போனில் பார்த்தது. இன்று பிரித்தோம். ஒரு சொட்டு இல்லை. அவள் புறங்கையைச் சுவரில் வைத்தாள். நானும் வைத்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று இரண்டு பிள்ளைகள் பார்ப்பது போல நின்றோம்.

நாளை பூச்சு. இந்தத் தடவை ஆயில் பெயிண்ட் பெயரை நான் எடுக்கவில்லை. வெறும் சுண்ணாம்பு.

ஆகஸ்ட் 20, புதன். ஆவணி 4

இசக்கிமுத்துவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாடசாமி வந்து தலையில் அடித்துக்கொண்டான். "நூறு வீடு வித்திருக்கேன் அண்ணாச்சி. தன் வீட்டுக்குத் தானே குறை சொல்லுத வீட்டுக்காரியை இப்பத்தான் பாக்கேன். இந்த ஆவணியில எவனும் சிக்குவான்னு எனக்குத் தோணல."

பாளையங்கோட்டைக்காரரும் போன் பண்ணினாராம். வேறு ஒருத்தர் கடையைக் கேட்கிறாராம்.

"என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

இரண்டு தடவை கூட்டின அறையை மூன்றாவது தடவை கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஊற்று ஊற்றென்று மழை. அந்த மழையில் வாசலில் ஒரு ஆட்டோ. இசக்கிமுத்து, செல்வராணி, கூடவே செல்வராணியின் அம்மா. தகவல் சொல்லாமல், மழையாகப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

"வெயில்ல வந்து பாத்தா எல்லா வீடும் நல்ல வீடுதான்" என்றார் அந்த அம்மாள். நேரே படுக்கையறைக்குப் போய், சுவரில் மூக்கை வைத்து மோந்து, கன்னத்தை வைத்துப் பார்த்து, "அந்த பீரோவை நகத்துங்க" என்றார். நான் ஒருத்தனாகவே நகர்த்தினேன். "ஆள் நாலு வேணும்னாங்க" என்று செல்வராணி சிரித்தாள். எனக்குக் கீழே பார்க்க வேண்டியதாயிற்று. தரை சுத்தமாக இருந்தது.

தங்கபுஷ்பம் கொட்டுகிற மழையில் குடையோடு வந்து, தொட்டி இருந்த இடத்தையும் மாற்றின இடத்தையும் காட்டினாள். என் வாட்டத்தில் தண்ணீர் ஒழுங்காக வெளியே ஓடியது. அதைக் காட்டி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

செல்வராணி வடிவிடம் வந்தாள். "அன்னைக்குக் கேட்டேன். இன்னிக்கும் கேக்கேன், தப்பா நினைக்காதீங்க. குடி வரப்போற வீடு பாருங்க. இங்க நல்லா இருந்தீங்களா?"

"இல்லக்கா" என்றாள் வடிவு. "சுவரும் சரியில்ல, மத்ததும் சரியில்ல. சுவரைச் சரி பண்ணியாச்சு."

"மத்தது?" என்றார் அந்த அம்மாள்.

"அதுக்குத்தான் பாளையங்கோட்டை போறேன்."

பிறகு அந்த அம்மாள், "எய்யா, பேசி முடி" என்று மருமகனிடம் சொல்லிவிட்டு, காபி இருக்கிறதா என்று வடிவிடம் கேட்டார்.

இசக்கிமுத்து சும்மா விடவில்லை. சுவரைக் காட்டியே விலையைக் கொஞ்சம் குறைத்தார். பீரோவையும் சேர்த்துக் கேட்டார். நான் முறுக்கிக்கொள்ளப் பார்த்தேன். "எடுத்துக்கோங்கண்ணே" என்று வடிவு சொல்லிவிட்டாள். அது ஒழிந்ததில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று முகத்தில் தெரிந்தது. கடைக்கு அந்த விலை போதும் என்றாள். மத்தியானமே பாளையங்கோட்டைக்குப் போன் பண்ணிவிட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

தென்காசியில் பத்திரம் முடிந்தது. ஆபீஸில் கூப்பிட்டதும் வடிவு போய்க் கையெழுத்துப் போட்டாள். சாவியை அவளே செல்வராணி கையில் கொடுத்தாள். "ஜன்னலை மட்டும் மூடியே வச்சிராதீங்கக்கா" என்றாள்.

புறப்படும்போது தங்கபுஷ்பம் வடிவைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு மிக்ஸி ஜாரைக் கையில் கொடுத்தாள். "பிளேடு சுத்தல அண்ணாச்சி. பாத்து பஸ்ல குடுத்துவிடுங்க."

செப்டம்பர் 14, ஞாயிறு

வடிவைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டோம். கடை சின்னது. மேலே வாடகைக்கு ஒரு அறை. வேலம்மா அரிசிப் பானையை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரம்மாவோடு சண்டைக்குப் போனாள். நான் ஒரு சுவரையும் பாராட்டவில்லை. எல்லாவற்றிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

மத்தியானம் என் கடையில் ஒரு கிரைண்டரைப் பிரித்து மடியில் வைத்திருந்தேன். வடிவு போன். தினமும் பேசுகிறவள்தான். "சாப்பிட்டீங்களா, நான் சாப்பிட்டேன், நல்லாருக்கேன், வச்சிருதேன்." அவ்வளவுதான் இருக்கும். நான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஸ்குரூவைத் தேடினேன்.

"அப்பா, ஒண்ணுமே சரியில்லப்பா."

ஸ்குரூ கீழே விழுந்தது.

ஷட்டர் பாதியில் நிற்கிறதாம், தினமும் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுத் தூக்க வேண்டியிருக்கிறதாம். ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் காலையிலிருந்து ஓடவில்லையாம். ஒரு ஆள் வந்து, டாக்டர் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று கேட்டானாம். மெஸ் சாம்பார் வெந்நீராம். வீட்டுக்காரம்மா "வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லையாம். "கடையைத் தொறந்து வச்சுட்டு உள்ள போய் அழுதேம்பா. அப்ப பாத்து ஒருத்தர் இருமல் மருந்து கேட்டு வந்துட்டாரு. மூக்கை உறிஞ்சிட்டே குடுத்தேன். அவரு எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிக்கச் சொல்லிட்டுப் போறாரு."

சிரித்தாள். பிறகு மறுபடி ஷட்டரிலிருந்து ஆரம்பித்தாள்.

கிரைண்டர்காரர் வந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்தார், எழுந்தார், டீ குடித்துவிட்டு வந்தார். நடுவில் எனக்கும் திட்டு விழுந்தது. "நீங்க வேற, எதைப் பாத்தாலும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவீங்க."

"ஆமா" என்றேன்.

ஃபிரிட்ஜ் பிளக்கை ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நாளை ஞாயிறு, முதல் பஸ்ஸில் வந்து ஷட்டருக்குக் கிரீஸ் போட்டுத் தருகிறேன் என்றேன். அம்மாவிடம் சொல்லிக் குழம்பு கொண்டுவருகிறேன் என்றேன்.

"சரிப்பா. ரொம்ப நேரமாப் புலம்பிட்டேன். உங்களுக்கு வேலை கெடும். வச்சிரட்டா?"

"சரிம்மா" என்றேன்.

வைக்காதம்மா, இன்னும் கொஞ்சம் புலம்பு என்று சொல்லவில்லை.